வெட்டுக்கிளி அப்பா

லிஃப்ட் ஒழுங்காக ஓடும்வரை அதைப் பழுது பார்ப்பவன் ஒருவன் உலகத்தில் உயிரோடு இருக்கிறான் என்ற நினைப்பே யாருக்கும் வராது. நின்றுபோனால் மட்டும் ஃபோன் மேல் ஃபோன். "எங்கேய்யா போய்த் தொலைஞ்சே?" என்று அதட்டல் வேறு. ஓடிவந்து, உள்ளே மாட்டியவர்களை வெளியே எடுத்து, கிரீஸ் கையோடு சரிசெய்து கொடுத்தால், கதவு திறந்த மறுகணம் எல்லோரும் முண்டியடித்துக்கொண்டு ஏறுவார்கள். பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற ஆளைப் பார்த்து, "இடமில்லை, அடுத்ததுல வாங்க" என்பார்கள். அவன் ஓட வைத்த லிஃப்டில் அவனுக்கே இடமில்லை! இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது?

நம்முடைய ஆள் அப்படிப்பட்ட ஒரு லிஃப்ட்காரர். நாற்பதை ஒட்டிய வயது, ஒல்லி உடம்பு, சட்டைப் பையில் எப்போதும் ஒரு டெஸ்டர். அவருடைய வேலை முழுவதும் மனிதர்கள் எட்டிக்கூடப் பார்க்காத இடங்களில்தான். ஒன்று, மொட்டை மாடிக்கும் மேலே இருக்கும் மெஷின் ரூம். இல்லையென்றால் தரைக்கும் கீழே இருக்கும் குழி. மேலே புறா எச்சமும் மோட்டார் சூடும், கீழே ஈரமும் எலியும். முன்பெல்லாம் இரண்டு பேராகப் போவார்கள். ஒருத்தர் மேலே இருந்து கத்துவார், இன்னொருத்தர் கீழே இருந்து கத்துவார். கத்தலானாலும் அது பேச்சுத்தானே? அப்புறம் கம்பெனிக்காரர்களுக்கு ஞானோதயம் பிறந்து, ஒரு கட்டடத்துக்கு ஒரு ஆள் போதும் என்று முடிவுகட்டினார்கள். கூட்டாளியை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். அதோடு கத்தலும் போயிற்று. காலையில் மகளிடம் "பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினால், சாயங்காலம் அவளைப் பார்க்கிறவரை அவர் வாயிலிருந்து வருவது "தள்ளி நில்லுங்க", "கதவைத் தொடாதீங்க" இவ்வளவுதான். நாள் முழுக்க வாயை மூடியே வைத்திருந்து, சாயங்காலம் முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கரகரக்கும்.

மனைவி எங்கே என்று கேட்பீர்கள். பிரிந்து போய்ப் பல வருஷமாகிறது. தட்டுமுட்டுச் சாமான் பறக்கும் சண்டையெல்லாம் இல்லை. ஒரு நாள், "என்னால முடியலை" என்றாள். போய்விட்டாள். வேறு ஊரில் வேறு குடும்பமாக நன்றாகத்தான் இருக்கிறாள். அவர் அதைப் பற்றிப் பேசமாட்டார், நாமும் நோண்ட வேண்டாம். மிச்சம் இருந்தது மகள் ஒருத்தி.

அவளுக்கு வெட்டுக்கிளி என்று பேர் வைத்தது பள்ளிக்கூடத்து விளையாட்டு டீச்சர். நடந்து போகவேண்டிய இடத்துக்கு அவள் நடந்து போய் யாரும் பார்த்ததில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து வாசற்படிக்கு, எல்லாம் ஒரே தாவல். "இதைச் சும்மா விட்டா எதையாவது உடைச்சுக்கும், ஜிம்னாஸ்டிக்ஸ்ல சேர்த்துவிடுங்க சார்" என்று அந்த டீச்சர்தான் சொன்னார். ஒரு காலத்தில் கிடங்காக இருந்த தகரக் கூரைக் கூடம் ஒன்றில் பயிற்சி. தரையெல்லாம் மெத்தை, நடுவில் ஏறி நின்று ஆட பீம் என்கிற ஒடுக்கமான கட்டை, ஒரு பக்கம் கம்பிகள், மூலையில் கைக்குப் பூசிக்கொள்ளும் வெள்ளைப் பொடிப் பெட்டி. சுவரோரமாக, பெற்றவர்கள் உட்கார ஒரு நீளமான மர பெஞ்சு.

அந்த பெஞ்சு முழுக்க அம்மாக்கள். ஒரு அப்பா கிடையாது. ஆரம்பத்தில் நம்மவர் உள்ளேயே போகவில்லை. கேட்டுக்கு வெளியே, கொசுக்கடியில், கைகட்டிக்கொண்டு நிற்பார். ஒரு நாள் கம்பியை இழுத்துப் பிடிக்கும் ஒயர் தளர்ந்துபோய், பயிற்சி கொடுக்கும் மிஸ் யார் யாருக்கோ ஃபோன் போட்டுக் கத்திக்கொண்டிருந்தார். இவர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒயரும் முறுக்காணியும் அவருக்குத் தண்ணி பட்ட பாடு. பையைத் திறந்து ஸ்பேனரை எடுத்தார், முறுக்கினார், தட்டிப் பார்த்தார், முடிந்தது. திரும்பி வாசலுக்கு நடந்தவரை ஒரு குரல் நிறுத்தியது.

"வெட்டுக்கிளி அப்பா! எங்கே போறீங்க? இப்படி வந்து உக்காருங்க. ஏய், கொஞ்சம் தள்ளுங்கடி."

கூப்பிட்டது பிளாஸ்க் அக்கா. இரட்டைப் பெண்களைப் பெற்றவர். உடம்பும் பெரிசு, மனசும் பெரிசு, டீ பிளாஸ்க் அதைவிடப் பெரிசு. பெஞ்சில் எல்லோரும் நகர்ந்தார்கள். ஓர் ஆள் உட்காரும் இடம் வந்தது. ஒரு டம்ளர் டீயும் கைக்கு வந்தது. அன்றைக்கு அவர் உட்கார்ந்தவர்தான்.

அதன் பிறகு, சாயங்காலமானால் அவர் கால் தானாக அங்கே போகும். அம்மாக்கள் அவர் முன்னாலேயே தங்கள் வீட்டுக்காரர்களைப் பிரித்து மேய்வார்கள். மேய்ந்துவிட்டு, "உங்களைச் சொல்லலைங்க" என்பார்கள். "சொன்னாலும் பரவாயில்லை, ஏன்னு கேட்க எனக்குத்தான் வீட்ல ஆளில்லையே" என்று இவர் சொல்வார். பெஞ்சே ஆடும்படி சிரிப்பார்கள். தன்னால் நாலு பேரைச் சிரிக்க வைக்க முடியும் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. மிக்ஸி ஏன் சத்தம் போடுகிறது, ஃபேன் ஏன் ஆடுகிறது என்று யோசனை கேட்பார்கள். யாருக்காவது காய்ச்சல் என்றால் அவர் விசாரிப்பார், அவர் இருமினால் அவர்கள் விசாரிப்பார்கள். அவ்வளவுதான் விஷயம். ஆனால் மெஷின் ரூமில் தனியாகக் குந்தி உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறவனுக்கு அந்த "அவ்வளவுதான்" எவ்வளவு பெரிசு என்று பட்டவனுக்குத்தான் தெரியும். வெளிப்படையாகவே சொல்கிறேன்: அந்த பெஞ்சுதான் அவருக்குச் சொந்தபந்தம், ஊர், உலகம் எல்லாம்.

இப்படி இருக்கையில் ஒரு நாள் மகள் வந்து, "அப்பா, இந்த மணிக்கட்டுப் பட்டை பத்தலை. அகலமா ஒண்ணு தச்சுத் தாயேன்" என்றாள்.

"கடையில வாங்கினது நல்லாத்தானே இருக்கு?"

"அது கையை மடங்க விடுது. மடங்காத மாதிரி வேணும். மேல் பக்கம் கொஞ்சம் மெத்துனு வை."

அவருக்குத் தலைகால் புரியவில்லை, மகள் தன்னிடம் ஒன்று கேட்டுவிட்டாளே என்று. தோல் பட்டை வாங்கி, உள்ளே கம்பளித் துணி வைத்து, மேல் பக்கத்தில் பஞ்சுத் திண்டு கொடுத்து, பக்கிள் போட்டு, இரட்டைத் தையலாக இழுத்துத் தைத்தார். அடடா, என்ன வேலைப்பாடு! பெஞ்சுக்குக் கொண்டுபோய்க் காட்டினார். கைமாறிக் கைமாறிப் பார்த்தார்கள். "எங்க வீட்டு ரெண்டுக்கும் இதே மாதிரி வேணும்" என்றார் பிளாஸ்க் அக்கா. அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறை. மெத்தென்று எதற்காக வேண்டும் என்று மட்டும் அவர் கேட்கவில்லை. அங்கேதான் மனுஷன் கோட்டை விட்டார்.

பள்ளிக்கூடங்களுக்கு இடையிலான போட்டி நெருங்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு சாயங்காலம் டீயை ஊற்றியபடியே பிளாஸ்க் அக்கா கேட்டார்.

"பாப்பாவுக்கு அந்தக் கட்டி இப்போ எப்படி இருக்கு?"

"எந்தக் கட்டி?"

"கையில இருக்கே, மணிக்கட்டுல."

"யார் கையில?"

பெஞ்சில் ஒருத்தி செருப்பைப் பார்த்தாள், ஒருத்தி கைப்பையைத் திறந்து எதையோ தேடினாள். பிளாஸ்க் அக்கா மூடியைத் திருகிக்கொண்டே, "ஐயோ, உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேனே. எங்க வீட்டுது ரெண்டும் ரொம்ப நாளா சொல்லிட்டிருக்கு. நீங்கதானே அதுக்குன்னு பட்டை தச்சுக் குடுத்தீங்க?" என்றார்.

அவர் நிமிர்ந்து மகளைப் பார்த்தார். அவள் ஓடிவந்து, மெத்தையில் கையை ஊன்றித் தாவி, அந்தப் பக்கம் இறங்கினாள். இறங்கியதும் கையை உதறினாள். பொடிப் பெட்டிக்குப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, பொடியைத் தேய்த்தாள், தேய்த்தாள், தேய்த்துக்கொண்டே இருந்தாள். இத்தனை நாளும் அதைப் பார்த்து, "என்ன ஒரு சுத்தம், என்ன ஒரு அக்கறை!" என்று பெஞ்சில் பெருமை அடித்தவர் அவர். கதவு உருளை தேய்ந்திருப்பதைக் கீழே நின்று காதாலேயே கண்டுபிடிக்கிற மனுஷர், கண்ணெதிரே இருந்த பெண்ணின் வலியைக் கண்டுபிடிக்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர்கள் வீடு ஒரு பழைய கட்டடத்தின் மேல் மாடி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. சிரிக்காதீர்கள், அதற்குமேல் வாடகை கட்டுப்படியாகவில்லை. படியேறி வந்ததும் அவர் சமையலறையில் காய் நறுக்க உட்கார்ந்தார். அவள் எதிரே பாடம் எழுதினாள், பட்டையைக் கழற்றாமலே.

"அதைக் கழட்டு கிளி."

"எதுக்கு?"

"துவைக்கணும்."

"நானே துவைச்சுக்கறேன் ப்பா."

"கழட்டும்மா."

அவள் பக்கிளை அவிழ்த்தாள். புறங்கையும் மணிக்கட்டும் சேருகிற இடத்தில், தோலுக்கு அடியில் ஒரு கோலிக்குண்டை வைத்து மூடியதுபோல உருண்டையாக ஒன்று. கையை மடக்கினால் இன்னும் புடைத்தது. விரலால் தொட்டார். கெட்டியாக இருந்தது, லேசாக நழுவியது.

"வலிக்குதா?"

"இல்லை."

"மேஜை மேல கையை ஊன்று."

ஊன்றினாள். முகம் சுருங்கியது. "ஊன்றினா மட்டும்தான்" என்றாள்.

"எத்தனை நாளா?"

தோளைக் குலுக்கினாள்.

"ஊருக்கெல்லாம் தெரிஞ்சிருக்கு, பெத்த அப்பனுக்குத் தெரியலை! டீ குடிச்சிட்டு ஈன்னு இளிச்சிட்டு உக்காந்திருக்கேன் நான். என்கிட்டே ஏன் சொல்லலை?"

அவர் அப்படிக் கத்தி அவள் கேட்டதில்லை. "மிஸ்கிட்டே சொல்லிடாதே ப்பா. நிறுத்திடுவாங்க" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தீர்களா, அந்த ஒரு வாக்கியத்தை அவர் தனக்குத் தோன்றினபடி புரிந்துகொண்டார். ஐயோ, குழந்தைக்கு இந்த விளையாட்டு மேல் இவ்வளவு உயிரா, வலியைக்கூடப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருக்கிறதே என்று உருகிப்போனார். தலையை அடகு வைத்தாவது இவளை மறுபடி ஆட வைப்பேன் என்று அப்போதே சபதம் போட்டார். அதற்கு அடியில் இன்னொரு நினைப்பும் எட்டிப் பார்த்தது. இவள் நின்றுவிட்டால், அப்புறம் சாயங்காலங்களில் என்ன செய்வது? சே, இந்த நேரத்தில் இதுவா தோன்ற வேண்டும் என்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆனால் அது போகவில்லை.

விஷயம் கீழ்வீட்டு ரிட்டையர்டுக்காரர் காதுக்குப் போனது. "இதுக்குப் போய் டாக்டரா? நல்ல தடிமனான புத்தகமா எடுத்து ஓங்கி ஒரு போடு போடு, பட்டுனு உடைஞ்சிடும்" என்றார் அந்த மகானுபாவர். சொன்னதோடு விடாமல் அகராதி ஒன்றைத் தேடி எடுக்கவும் போனார். பெண் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டாள்.

எலும்பு டாக்டர் ஒரு பெண்மணி. களைத்த முகம், ஆனால் கை மிருதுவாக இருந்தது. கட்டியைத் தடவிப் பார்த்துவிட்டு, அறை விளக்கை அணைத்தார். சின்ன டார்ச் ஒன்றைக் கட்டியின் பக்கவாட்டில் வைத்து அழுத்தினார். கட்டி முழுவதும் இளஞ்சிவப்பாக வெளிச்சம் பரவியது. வெட்டுக்கிளி வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"வெளிச்சம் உள்ளே போகுது பாருங்க. உள்ளே இருக்கிறது ஜெல்லி மாதிரி தண்ணிதான். கேங்க்லியன்னு சொல்வோம், நீர்க்கட்டி. கெட்ட கட்டி கிடையாது, பயப்படாதீங்க."

அவர் அப்போதுதான் மூச்சு விட்டார். மூட்டு வழுக்கி நகர்வதற்காக உள்ளே ஒரு திரவம் இருக்கும், ஓயாமல் கையை மடக்கி ஊன்றுகிறவர்களுக்குச் சில சமயம் அது ஓரமாகக் கசிந்து, பைபோல முட்டிக்கொண்டு நிற்கும் என்று டாக்டர் விளக்கினார்.

"புரிஞ்சிடுச்சுங்க. ஆயில் சீல் லீக்" என்றார் அவர்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்னு வச்சுக்குங்களேன்."

எக்ஸ்ரே எடுத்தார்கள். வளரும் எலும்புக்குச் சேதமில்லை. இனி என்ன செய்யலாம் என்று டாக்டர் சொன்னார். ஆபரேஷன் இப்போது வேண்டவே வேண்டாம். ஊசியால் உறிஞ்சி எடுக்கலாம், ஆனால் திரும்ப ஊறுவதற்கு வாய்ப்பு உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். அதற்குக் கைக்கு ஓய்வு வேண்டும். தாங்குபட்டை போட்டு, கை ஊன்றுகிற எதையும் செய்யாமல் சில மாதம் இருக்க வேண்டும்.

"சில மாசமா? மேடம், போட்டி வருதுங்க. ஊசியே போட்டுடுங்களேன். சீக்கிரம் ஆட விட்டுடலாமில்லையா? அவளுக்கு அதுதாங்க உசுரு. வலியைக்கூடச் சொல்லாம மறைச்சு வச்சிருந்திருக்கான்னா பாருங்களேன்."

டாக்டர் அவரைப் பார்த்தார். பிறகு பெண்ணைப் பார்த்தார். "உனக்கு எப்படிம்மா? திரும்பப் போகணுமா?"

வெட்டுக்கிளி அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். "போகணும்" என்றாள், வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"அப்பாவைப் பார்க்காம சொல்லு."

அவள் தரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அவள் முழங்கால்மேல் ஒரு சொட்டு விழுந்தது. டாக்டர் அவரிடம், "வெளியே உக்காந்து ரெண்டு பேரும் பேசிட்டு வாங்க. அவசரம் ஒண்ணுமில்லை" என்றார்.

வெளியே நீளமான தாழ்வாரம். பினாயில் வாடை. மாவுக்கட்டுப் போட்ட ஒரு பெரியவர் ஸ்ட்ரெச்சர் வண்டியில் தூங்கிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகளில் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"கிளி, உனக்கு அங்கே போகப் பிடிக்கலையா?"

"முன்னாடி பிடிச்சுது."

"இப்போ?"

"ஒரு நாள் பீம்லேர்ந்து விழுந்தேனே, அதுலேர்ந்து பயமா இருக்கு. அப்புறம்தான் கையும் வலிக்க ஆரம்பிச்சுது."

"அட பைத்தியமே, சொல்லியிருக்கலாமே! நான் என்னைக்காவது உன்னைக் கட்டாயப்படுத்தியிருக்கேனா?"

"இல்லை."

"பின்னே எதுக்கும்மா வலியோட போனே?"

அவள் மூக்கைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள்.

"நான் நின்னுட்டா நீ எங்கே போவே?"

அவர் சிரித்தார். "நான் எங்கே போவேன்னா? இது என்ன கேள்வி? வேலைக்குப் போவேன், வீட்டுக்கு வருவேன்."

"வீட்ல நீ பேசவே மாட்டே ப்பா. சாப்பிட்டியா, படிச்சியா, அவ்வளவுதான். அங்கேதான் நீ சிரிப்பே. நான் பீம் மேல நின்னு பார்ப்பேன். எல்லாரும் உன்னை வெட்டுக்கிளி அப்பான்னு கூப்பிடுவாங்க. நான் வெட்டுக்கிளியா இல்லாட்டி உன்னை யாரு கூப்பிடுவாங்க? உனக்கு அவங்களை விட்டா யாருமே இல்லையே."

பதினொரு வயசு. இந்த நண்டு, அப்பா ஒரு தனி மனுஷன் என்று ரகசியமாகக் கண்டுபிடித்து, அதற்கு மருந்தாகத் தன் மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்கு வசதியாகத் திண்டு வைத்துப் பட்டை தைத்துக் கொடுத்தது யார்? அப்பன்காரன்தான்.

"யார் சொன்னா யாருமில்லைன்னு? எனக்கு எவ்வளவோ பேர் இருக்காங்க" என்றார்.

"யாரு?"

சவாலாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்று கேட்டாள். அவர் யோசித்தார். பழைய கூட்டாளி ஊர் மாறிப் போனவன், போன கையோடு நம்பரையும் மாற்றிவிட்டான். அண்ணன் ஒருத்தர் இருக்கிறார், அத்தி பூத்தாற்போல ஒரு ஃபோன். கட்டடத்து வாட்ச்மேன்களுக்கு அவர் பேர்கூடத் தெரியாது, "லிஃப்டு வந்திருக்கு" என்றுதான் மேலே சொல்வார்கள். ஒரு பெயர் வேண்டும், ஒரே ஒரு பெயர். கிடைக்கவில்லை. "நீ இருக்கியே" என்ற வார்த்தை மட்டும் தயாராக நுனிநாக்குக்கு வந்து நின்றது. பெற்றவர்கள் யாரும் யோசிக்காமல் சொல்லிவிடுகிற வார்த்தைதான். ஆனால் மடியில் கிடந்த அந்தப் புடைத்த கையைப் பார்த்தார். அந்த வார்த்தையைத்தானே இவள் இத்தனை நாளும் தூக்கிச் சுமந்தாள்? விழுங்கிக்கொண்டார்.

"இருக்காங்கம்மா. உனக்குத் தெரியாது."

அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. பெரியவர்கள் மனசு நோகக் கூடாது என்று குழந்தைகள் ஆட்டுவார்களே, அந்தத் தலையாட்டல்.

தாங்குபட்டை போட்டாயிற்று. மறுநாள் அவர் மட்டும் கூடத்துக்குப் போய் மிஸ்ஸிடம் விஷயத்தைச் சொன்னார். "கை சரியானதும் அனுப்புங்க" என்றார் மிஸ். "இல்லைங்க, இனிமே அவ வரமாட்டா" என்றார். பெஞ்சில் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். "அவ வராட்டி என்ன, நீங்க வாங்க. வேலை முடிஞ்சு போற வழிதானே, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்றார் பிளாஸ்க் அக்கா. மனசாரத்தான் சொன்னார். "வராம எங்கே போகப்போறேன்!" என்று இவரும் சொன்னார். ஆனால் பிள்ளை இல்லாத பெஞ்சில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு போய் உட்காருவது? ஊரார் வீட்டுப் பெண் குழந்தைகள் குட்டிக்கரணம் போடுவதைப் பார்க்க ஓர் ஆம்பிளை எதற்கு வருகிறான் என்று, யாரும் கேட்காவிட்டாலும், அவருக்கே கேட்கும். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

கட்டி கொஞ்சம் கொஞ்சமாக வற்ற ஆரம்பித்தது. முதலில் கோலிக்குண்டு, அப்புறம் பட்டாணி, அப்புறம் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிற மேடு. டாக்டருக்கே சந்தோஷம். எல்லாம் சரி. ஆனால் சாயங்காலங்கள்தான் சரியாகவில்லை. வேலையிலிருந்து நேராக வீட்டுக்கு வந்துவிடுவார். கூடத்துக்குப் போகவேண்டிய நேரத்தில் அப்பாவும் மகளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்திருப்பார்கள். கீழே தெருவில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடும் சத்தம் கேட்கும்.

"வெட்டுக்கிளி! வாடீ!" என்று கீழேயிருந்து கூப்பிடுவார்கள்.

"நான் வரலை" என்று இவள் ஜன்னலிலிருந்து கத்துவாள்.

"போயேன்மா. ஓடறதுக்குக் கை எதுக்கு? டாக்டரே ஓடலாம்னு சொல்லிட்டாங்க."

"வேணாம் ப்பா. போரடிக்கும்."

போரடிக்குமாம்! அவள் காலைப் பார்த்தால் தெரியும், மேஜைக்கு அடியில் அது நிற்காமல் ஆடிக்கொண்டிருக்கும். பாடப் புத்தகத்துக்கு மேலாக அப்பாவை ஒரு பார்வை, ஜன்னலை ஒரு பார்வை. ஒரு நாள் படியில் அவர் ஏறி வரும்போது மேல்படியில் அவள் பேச்சு காதில் விழுந்தது. கீழ்வீட்டுப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். "எங்கப்பா தனியா இருப்பாருடி. நான் வந்துட்டேன்னா அவருக்கு யாரும் இருக்க மாட்டாங்க."

அவர் பாதிப் படியிலேயே நின்றுவிட்டார். காவல் வேலையை விட்டுவிட்டாள் என்று நினைத்தால், இடத்தைத்தான் மாற்றியிருக்கிறாள். அங்கே பீம் மேல் நின்று காவல் காத்தாள், இங்கே மேஜையில் உட்கார்ந்து காவல் காக்கிறாள். கை சரியாகி என்ன பிரயோஜனம்? இப்படியே போனால் இந்தக் குழந்தை அப்பனைப் பார்த்துக்கொண்டே பெரியவளாகி, அப்பனைப் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடும் என்று அவருக்குப் பயமே வந்துவிட்டது.

மறுநாள் சாயங்காலம் அவள் புத்தகத்தை விரித்து உட்கார்ந்ததும், அவர் சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். அது அடிக்கவும் இல்லை, அவர் யார் நம்பரையும் அழுத்தவும் இல்லை. காதில் வைத்துக்கொண்டார்.

"ஹலோ! யாரு? அட, நீயாடா! எங்கேடா போய்த் தொலைஞ்சே இத்தனை நாளா?"

அவள் நிமிர்ந்தாள்.

"சொல்லுடா, சொல்லு. இல்லையில்லை, சும்மாதான் இருக்கேன். ஹாஹா! இன்னும் அப்படியேதான் இருக்கியா நீ? மாறவே மாட்டியா?"

அவள் கிட்டே வந்து கிசுகிசுத்தாள். "யாரு ப்பா?"

அவர் ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டார். "என் கூடப் படிச்சவன்மா. பிடிச்சான்னா லேசுல விடமாட்டான், அறுத்துத் தள்ளிடுவான். எனக்கு ரொம்ப நேரமாகும். நீ போய் விளையாடிட்டு வா."

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மறுபடி ஃபோனில், "டேய், இருடா, பொண்ணு நிக்கிறா... ஆமா, பெரிய பொண்ணாயிட்டா" என்றார். அவள் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. எத்தனை நாளாயிற்று அதைப் பார்த்து! செருப்பை மாட்டினாளோ இல்லையோ, படிகளில் தடதடவென்று இறங்கும் சத்தம் கேட்டது. நடக்கவில்லை, தாவித் தாவித்தான் இறங்கினாள்.

அவர் ஜன்னலுக்கு வந்தார், ஃபோனைக் காதில் அணைத்தபடியே. தெருவுக்கு வந்தவள் இரண்டடி ஓடி, நின்று, திரும்பி மேலே பார்த்தாள். அவர் கையை வீசி, அண்ணாந்து, வாய்விட்டுச் சிரித்துக் காட்டினார். அவளும் கையை ஆட்டினாள். அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளைகளோடு பிள்ளையாகக் கலந்து, கத்திக்கொண்டே தெருமுனையில் வளைந்து ஓடிப்போனாள்.

இனிமேல் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துவிடலாம். யாரும் பார்க்கவில்லை. அவர் எடுக்கவில்லை. காலியான தெருவைப் பார்த்தபடி, கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டே நின்றார்.

"அப்புறம்? வேற என்ன விசேஷம்?" என்று கேட்டார்.